சிங்கப்பூரில் முதல் நாள்: கொங்குப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பீளமேட்டில் விமானம் ஏறினால் நாலரை மணி நேரத்துக்குள் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வந்துவிடும். கோவையிலிருந்து சென்னைக்கு ரயிலில் போவதற்கே அதைவிட நேரமாகும். இவ்வளவு பக்கம்தானே என்று பலர் பெரிய ஏற்பாடு எதுவும் இல்லாமல் கிளம்பி விடுகிறார்கள். வேலைக்கு வரும் பெருந்துறைப் பையன், படிக்க வரும் பொள்ளாச்சிப் பெண், மகன் வீட்டுக்கு வரும் கோபிப் பெரியவர்கள் என்று எல்லோரும் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன். முதல் நாள் இங்கே வந்து திண்டாடுகிறவர்களைப் பார்த்தால், அந்தத் திண்டாட்டம் பெரும்பாலும் ஊரிலேயே தொடங்கியிருக்கிறது. அதனால் பாதிப் பதில்கள் நீங்கள் கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியதைப் பற்றியவை.

ஏனுங்க, டிக்கெட்டும் விசாவும் இருந்தால் போதாதா?

போதாது. எஸ்ஜி அரைவல் கார்டு என்று ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் நிரப்ப வேண்டும். வந்து இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும், அதற்கு முன்னால் முடியாது. கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அது ஆணையத்தின் தளம் இல்லை, மூடிவிடுங்கள்.

அதில் மின்னஞ்சல் முகவரி கேட்கும் இடத்தில் கவனம் வேண்டும். இப்போதெல்லாம் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பதை இ-பாஸ் என்று மின்னஞ்சலில் அனுப்பி விடுகிறார்கள். டிராவல்ஸ்காரர் நிரப்பிக் கொடுக்கும்போது தன்னுடைய முகவரியையே போட்டுவிட்டால், உங்கள் அனுமதி அவருடைய கணினியில் போய் உட்கார்ந்துகொள்ளும். விசாவின் ஆயுள் வேறு, தங்க அனுமதித்த நாட்கள் வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் கூடுதலாகத் தங்கினால் அது குற்றம். ஆகவே கார்டை நீங்களே நிரப்புங்கள், அல்லது வீட்டில் படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து உங்கள் முகவரியைக் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள்.

விசா, தங்கும் இடத்தின் முகவரி, திரும்பும் டிக்கெட், வேலைக்கோ படிப்புக்கோ என்றால் ஐபிஏ என்கிற முன் அனுமதிக் கடிதம் எல்லாவற்றையும் காகிதத்திலும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோன் சார்ஜ் தீர்ந்து போகிற நேரம் நம் கையில் இல்லை.

ஊர் சிம்மை என்ன செய்வது?

கழற்றி எறிய வேண்டாம். உங்கள் வங்கி, ஆதார், வருமான வரி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் ஓடிபி அனுப்பும். ஊரில் இருக்கும்போதே ரோமிங்கைச் செயல்படுத்திவிட்டு வாருங்கள். இங்கே வந்த பிறகு செய்யலாம் என்று விட்டால், அதைச் செய்வதற்கும் ஓடிபி கேட்பார்கள், அந்த ஓடிபி வராது. டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள், இல்லையென்றால் பில் எகிறிவிடும். குறுஞ்செய்தி பெறுவதற்கு டேட்டா தேவையில்லை.

இரண்டு சிம் போடுகிற ஃபோனாக இருந்தால் இரண்டாவது இடத்தில் உள்ளூர் சிம். சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 மூன்றும் ப்ரீபெய்டு தருகின்றன. பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். விமான நிலையத்திலேயே வாங்கலாம். அங்கே இலவச வைஃபையும் இருக்கிறது. அதைப் பிடித்து முதலில் வீட்டுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போட்டு விடுங்கள். இங்கே காலை ஆறு மணி என்றால் ஊரில் விடிகாலை மூன்றரை. இரண்டரை மணி நேர வித்தியாசம். ஆனாலும் அம்மா தூங்கியிருக்க மாட்டார்.

பணம் எவ்வளவு, எப்படி எடுத்து வரணும்?

இங்கே டாலரைத் தமிழர்கள் வெள்ளி என்பார்கள், சென்ட்டைக் காசு என்பார்கள். முதல் இரண்டு நாளுக்கு 200 வெள்ளி நோட்டாக இருந்தால் ஒரு ஆளுக்குத் தாராளம். அதில் பத்து வெள்ளி நோட்டுகள் நிறைய இருக்கட்டும். இந்திய விதிப்படி ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் நோட்டாக வாங்க முடியாது. இந்திய ரூபாய் 25,000 வரை கையில் வைத்திருக்கலாம்.

டெபிட் கார்டை நம்பி வருகிறவர்கள் வங்கிச் செயலியைத் திறந்து பாருங்கள். இப்போது தருகிற கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடித்தான் இருக்கும், நாமாகத் திறக்க வேண்டும். தொட்டுக் கட்டணம் செலுத்தும் வசதியையும் அதோடு திறந்து விடுங்கள். ரயிலுக்கு அது தேவைப்படும். திருப்பூர் டீக்கடை வரைக்கும் ஜிபே பழகிவிட்ட கை, இங்கேயும் க்யூஆர் அட்டையைப் பார்த்ததும் ஃபோனை நீட்டும். இங்கே ஒட்டியிருப்பவை பெரும்பாலும் உள்ளூர்க் கணக்குக்கானவை. யூபிஐ சில கடைகளில் செல்லும் என்றாலும் முதல் நாள் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

பெட்டியில் எதைக் கொண்டுவரக் கூடாது?

நம் வீட்டுச் சமையலறைக்கும் இந்த ஊர்ச் சட்டத்துக்கும் மோதல் வருகிற இடம் இதுதான்.

முதலில் கசகசா. இங்கே அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிற பொருள், கொண்டுவரத் தடை. தனியாக ஒரு பொட்டலம் கட்டி வருவது மட்டும் பிரச்சினை இல்லை. அமுச்சி வறுத்து அரைத்துக் கொடுத்த கறி மசாலாவில் கசகசா சேர்த்திருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சேர்க்காமல் அரைத்துத் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது உப்புக்கண்டம். இறைச்சியை அனுமதித்த சில நாடுகளிலிருந்துதான் கொண்டுவரலாம், அதில் நாம் இல்லை. எவ்வளவு ஆசையாகக் காயவைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

சூயிங்கம் 1992 முதல் தடை. மெல்லுகிற புகையிலைப் பொட்டலம், குட்கா, வேப் என்கிற மின்சிகரெட் மூன்றுக்கும் முழுத் தடை. சிகரெட்டுக்கு வரிவிலக்கே கிடையாது. ஒரு பாக்கெட் இருந்தாலும் சுங்கச் சோதனையின் சிவப்புப் பாதையில் போய்ச் சொல்லி வரி கட்ட வேண்டும்.

மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவர் சீட்டோடு மூன்று மாதத்துக்கு மிகாமல் கொண்டு வரலாம். தூக்க மாத்திரை வகைகள், கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு முன்கூட்டியே சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி வாங்க வேண்டும்.

இட்லிப் பொடி, கொள்ளு, நிலக்கடலை, ஊறுகாய், பச்சைப்பயறு எல்லாம் கொண்டு வாருங்கள். ஆனால் லிட்டில் இந்தியா பகுதியில் இருக்கிற முஸ்தபா என்கிற பெரிய கடையில் கிடைக்காத பருப்பு அநேகமாக இல்லை. பத்துக் கிலோ அரிசியைச் சுமந்து வந்து, எடைக்குத் தனியாகப் பணம் கட்டுவதில் அர்த்தமில்லை. மலிவுக் கட்டண விமானங்களில் பெட்டி எடையைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். பதிவு செய்யும்போதே வாங்கிவிட்டால் குறைவு, கவுண்டரில் அதிகம்.

பக்கத்து ஊர்க்காரர் ஒரு பார்சல் கொடுத்தார், மறுக்க முடியவில்லைங்க. என்ன செய்வது?

மறுத்துத்தான் ஆக வேண்டும். இதில் என்னால் மென்மையாகப் பேச முடியாது.

இங்கே 15 கிராமுக்கு மேல் ஹெராயின், 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தியதாக நிரூபணமானால் சட்டத்தில் மரண தண்டனை இருக்கிறது. எழுதி வைத்ததோடு விடாமல் நிறைவேற்றுகிறார்கள். பெட்டிக்குள் இருந்தது உங்களுக்குத் தெரியாது என்றால் அதை நிரூபிக்கிற சுமை உங்கள் தலையில்தான். 15 கிராம் என்பது மூன்று டீஸ்பூன் சர்க்கரையின் எடைக்குப் பக்கம். ஒரு பொடி டப்பாவில், ஒரு செருப்பின் அடியில், ஒரு புடவை மடிப்பில் அடங்கிவிடும்.

கொடுக்கிறவர் நல்லவராகவே இருக்கலாம். அவரிடம் கொடுத்தவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. மனசு நோகும் என்று பார்க்காதீர்கள். "எடை ஆயிருச்சுங்க, கூரியர்ல போட்டுருங்க" என்று சொன்னால் போதும். சொந்த மாமா, மச்சான் கொடுத்தாலும் அவர் எதிரிலேயே பிரித்துப் பார்த்து, நீங்களே உங்கள் கையால் அடுக்குங்கள். பெட்டியைப் பூட்டிய பிறகு விமான நிலையத்தில் யாராவது "இதை மட்டும் வெச்சுக்குங்க" என்று நீட்டினால் கை நீட்டவே கூடாது.

இறங்கியதும் என்ன கேட்பார்கள்? இங்கிலீஷ் அவ்வளவாக வராதே?

பயப்பட வேண்டாம். வருகையாளர்களுக்கு இப்போது தானியங்கிப் பாதைதான். பாஸ்போர்ட்டை வைத்து, முகத்தையும் விரல் ரேகையையும் காட்டினால் கதவு திறக்கும். மருதாணி, சிமெண்டு வேலை, நூல் வேலை என்று ரேகை தேய்ந்திருந்தால் இயந்திரம் தடுமாறலாம். அப்போது அதிகாரி இருக்கும் கவுண்டருக்கு அனுப்புவார்கள், அவ்வளவுதான். எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள், யார் வீடு என்று கேட்பார்கள். உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். தமிழ் இந்த நாட்டின் நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று. விமான நிலையப் பலகைகளிலேயே தமிழைப் பார்க்கலாம்.

விமான நிலையத்திலிருந்து தங்கும் இடத்துக்கு எப்படிப் போவது?

கூட்டிப் போக ஆள் வந்தால் நல்லது. வராவிட்டால் ரயில்தான் மலிவு. சாங்கி ரயில் நிலையம் முனையம் 2க்கும் 3க்கும் அடியில் இருக்கிறது. கோவை விமானம் முனையம் 1இல் இறக்கிவிட்டால் முனையங்களுக்கு இடையே ஓடும் இலவச ஸ்கைட்ரெயினில் மாறிக்கொள்ளலாம். லிட்டில் இந்தியா போகிறவர்கள் அடுத்த நிறுத்தமான எக்ஸ்போவில் இறங்கி, நீல நிற டவுன்டவுன் பாதைக்கு மாறினால் நேராக லிட்டில் இந்தியா நிலையம். வேறு எங்கும் மாற வேண்டாம்.

டிக்கெட் கவுண்டரைத் தேடாதீர்கள். விசா, மாஸ்டர்கார்டு எதுவானாலும் தொடு வசதி இருந்தால் நுழையும்போது ஒரு முறை, வெளியேறும்போது ஒரு முறை தொட வேண்டும். பேருந்திலும் அப்படியே. இறங்கும்போது தொட மறந்தால் அதிகபட்சக் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். இந்தியக் கார்டு என்றால் பயணம் செய்கிற நாளுக்கு 60 காசு கூடுதல். ஒரு கார்டில் ஒரு ஆள்தான் போகலாம். கணவர் தொட்டுவிட்டு அதையே பின்னால் வரும் மனைவியிடம் கொடுத்தால் கதவு திறக்காது. நீண்ட நாள் இருப்பவர்கள் பணம் ஏற்றிப் பயன்படுத்தும் ஈஸி-லிங்க் பயண அட்டையை வாங்கிக்கொள்வது நல்லது.

பெரியவர்கள், கைக்குழந்தை, மூன்று பெட்டி என்றால் டாக்சியே எடுங்கள். நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை மீட்டருக்கு மேல் பாதிக் கட்டணம் கூடும். ஐந்தரைக்கு இறங்கினால் கை கால் கழுவி, ஒரு டீ குடித்துவிட்டு ஆறு மணிக்கு மேல் வரிசையில் நின்றால் மிச்சம். பேரம் பேச வேண்டிய அவசியம் இல்லை, மீட்டரும் அதன் மேல் விதிப்படி வரும் கூடுதல் கட்டணமும்தான் கணக்கு.

விமான நிலையத்தை ஒட்டிய ஜூவல் வளாகத்தில் இருக்கிற 40 மீட்டர் உள்ளரங்க அருவியைப் பார்க்க ஆசை வரும். பெட்டியோடு, தூக்கக் கண்ணோடு வேண்டாம். அது எங்கேயும் போய்விடாது.

முகவரி புரியவில்லை. பிளாக், நம்பர், கோடு என்று நிறைய இருக்கிறது.

"பிளாக் 123, #08-45" என்றால் 123ஆம் கட்டடம், 8ஆம் மாடி, 45ஆம் வீடு. கடைசியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருக்கும். நம் ஊரில் ஒரு பின்கோடுக்குள் பல கிராமங்கள் அடங்கும். இங்கே கட்டடத்துக்கு ஒரு குறியீடு. டாக்சிக்காரரிடம் அந்த ஆறு எண்ணைக் காட்டினாலே வாசலில் இறக்கிவிடுவார். மகன் வீட்டுக்கு வரும் அம்மா அப்பாவுக்கு இந்த முகவரியையும் மகனின் எண்ணையும் அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள். எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரி இருப்பதால், காலாற நடக்கப் போனவர்கள் திரும்பி வரும்போது எண்ணைப் பார்த்துத்தான் அடையாளம் காண முடியும்.

வேலைக்கு வருகிறேன். முதல் நாள் எதில் உஷாராக இருக்கணும்?

ஊரை விட்டுக் கிளம்பும் முன் ஐபிஏ கடிதம் கையில் இருக்க வேண்டும். வொர்க் பெர்மிட்டுக்கு அது தமிழிலும் வரும். அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். ஏஜென்ட் வாயால் சொன்ன தொகையும் அதில் இருக்கிற தொகையும் ஒன்றா என்று ஊரிலேயே பாருங்கள். வேறாக இருந்தால் விமானம் ஏறாதீர்கள். இங்கே இறங்கிய பிறகு பேசலாம் என்பவர் பேச மாட்டார். அனுமதி உண்மையா என்று மனிதவள அமைச்சின் தளத்திலேயே சரிபார்க்கலாம். "விசிட் விசாவில் வா, அப்புறம் மாற்றிக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். சுற்றுலா அனுமதியில் வேலை செய்வது குற்றம்.

சிங்கப்பூர் ஏஜென்சி உங்களிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. ஒப்பந்தத்தின் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். முதலாளி அரசுக்குக் கட்டும் லெவியை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. காட்டை அடமானம் வைத்து லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு வருகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு ஏஜென்ட் முன்னால் உட்காருங்கள்.

அப்புறம் பாஸ்போர்ட். பதிவு வேலைக்காக வாங்கினால் எப்போது திரும்பத் தருவீர்கள் என்று கேளுங்கள். உங்கள் பாஸ்போர்ட்டை முதலாளி பூட்டி வைப்பது இங்கே சட்டப்படி குற்றம். தகராறு என்று வந்தால் வெளிநாட்டுத் தொழிலாளர் நிலையத்தின் 24 மணி நேர எண் 6536 2692. இன்றே ஃபோனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

ரூமை ஊரிலிருந்தே பேசி முன்பணம் அனுப்பிவிடலாமா?

கூடாது. படத்தில் பார்த்த அறைக்குப் பணம் அனுப்பி ஏமாறுகிற கதை ஓயவே இல்லை. முதல் ஒன்றிரண்டு வாரம் ஹாஸ்டல், விடுதி, உறவினர் வீடு என்று எதிலாவது இருந்துகொண்டு, நேரில் பார்த்து முடிவு செய்யுங்கள். அரசின் வீடமைப்புக் கழகம் (எச்டிபி) கட்டிய வீட்டின் அறையை 6 மாதத்துக்குக் குறைந்தும், தனியார் குடியிருப்பை 3 மாதத்துக்குக் குறைந்தும் வாடகைக்கு விடக் கூடாது என்பது சட்டம். அதனால் "ரெண்டு வாரத்துக்குத் தர்றேன்" என்கிறவரிடம் எச்சரிக்கை.

பார்க்கப் போகும்போது வாடகைக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: சமைக்கலாமா? சில வீடுகளில் சமையலே கூடாது. சில வீடுகளில் லேசான சமையல் மட்டும், அதாவது நூடுல்ஸ், முட்டை. தாளிக்கிற வாசம் வந்தால் முகம் சுளிப்பார்கள். தினமும் வெளியே சாப்பிட்டுக் கட்டாது என்பதால் இதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் சாப்பாட்டுக்கு எங்கே போவது?

லிட்டில் இந்தியா நிலையத்தின் வாசலிலேயே தேக்கா நிலையம். கீழ்த்தளத்தில் காய்கறி, மீன், ஆட்டுக்கறிச் சந்தையும் வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகளும். இட்லி, தோசை, பிரியாணி எல்லாம் உண்டு. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சிராங்கூன் சாலையில் 1947 முதல் இருக்கிற கோமள விலாஸ். தேக்கா போன்ற உணவங்காடிகளில் சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் அதற்கான அடுக்கில் வைக்க வேண்டும். 2021 முதல் இது கட்டாயம், வைக்காமல் போனால் அபராதம் வரைக்கும் போகும். மேசையில் ஆளில்லாமல் ஒரு டிஷ்யூ பாக்கெட் மட்டும் கிடந்தால் அந்த இடம் இன்னொருவருக்குப் பிடித்து வைத்தது.

டீ என்று கேட்டால் கெட்டிப்பாலும் சர்க்கரையுமாகத் தித்திப்பாக வரும். "சர்க்கரை கம்மி" என்று தேக்காவில் தமிழிலேயே சொல்லலாம்.

சமைக்க அனுமதி கிடைத்துவிட்டால் நம்ம அரிசி பருப்பு சாதத்தைவிடப் புது இடத்துக்கு ஏற்ற சாப்பாடு இல்லை. ஒரு மின்சாரக் குக்கர் போதும். பொன்னி அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம், வரமிளகாய், மஞ்சள் எல்லாம் தேக்காவிலும் முஸ்தபாவிலும் கிடைக்கும். நெய்யை மட்டும் தாராளமாக வாங்குங்கள்.

வெயில் எப்படி? தண்ணீர், கரண்ட் எல்லாம்?

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் புழுக்கம் முதல் நாள் களைப்பைத் தரும். வருடம் முழுக்க இதே நிலைதான், மழையும் சொல்லிக்கொண்டு வராது. பருத்தி உடையும் குடையும் போதும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். மின்சாரம் 230 வோல்ட், ஆனால் பிளக் மூன்று தட்டைக் கால் கொண்டது. அடாப்டர் ஒன்று கோவையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

தெரியாமல் அபராதம் கட்டிவிடக் கூடாது. எதெல்லாம் கவனிக்கணும்?

ரயிலிலும் நிலையத்துக்குள்ளும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. தண்ணீருக்கும் இது பொருந்தும். குப்பை, எச்சில், சிகரெட் துண்டு எதையும் கீழே போடக் கூடாது. இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் மது அருந்தத் தடை. லிட்டில் இந்தியாவில் வார இறுதியில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. புகை பிடிக்க அனுமதித்த இடத்தைத் தேடித்தான் போக வேண்டும்.

வந்ததும் கோயிலுக்குப் போக ஆசை. முருகன் கோயில் இருக்குங்களா?

இருக்கிறது. டேங்க் சாலையில் தெண்டாயுதபாணி கோயில், 1859இல் செட்டியார்கள் கட்டியது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து பழகியவர்களுக்கு இங்கேயும் நடை உண்டு. சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை வரை பால்குடமும் காவடியும் போகும். முதல் நாள் என்றால் மாலையில் போங்கள், மதியம் நடை சாத்தியிருக்கும். தேக்காவுக்குச் சாப்பிடப் போனால் வீரமாகாளியம்மன் கோயில் நடக்கிற தூரத்தில் இருக்கிறது.

ஏதாவது ஆகிவிட்டால் யாரைக் கூப்பிடுவது?

போலீஸ் 999, ஆம்புலன்ஸும் தீயணைப்பும் 995. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸில் புகார், பிறகு 31 கிரேஞ்ச் சாலையில் இருக்கிற இந்தியத் தூதரகம். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா மூன்றையும் படமெடுத்து ஊரில் ஒருவருக்கும் அனுப்பி வைத்திருந்தால் மாற்றுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பது எளிது. பெற்றோர் வருகிறார்கள் என்றால் பயணக் காப்பீடு எடுக்காமல் அழைத்து வராதீர்கள். இங்கே வெளிநாட்டவருக்கு அரசு மருத்துவமனையிலும் மானியம் கிடையாது, ஒரு நாள் சேர்க்கைக்கே பெரிய தொகை ஆகும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள், பெரிய பெட்டியில் வேண்டாம்.